அரைக் கப் ஆப்பிளும் 27 சென்ட்டும்

சத்தம் போடாமல் வாருங்கள், அமெரிக்கப் பள்ளி ஒன்றின் சமையலறைக்குள் பின்வாசல் வழியாக நுழைகிறோம்! வருடம் 2012. அதிபர் ட்ரூமன் 1946-இல் கையெழுத்திட்ட தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்குப் புது விதிகள் வந்த முதல் பருவம். வாசனைக்கு முன்னால் எண்கள்தான் முகத்தில் அடிக்கின்றன.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால், வார சராசரியாக ஒரு தட்டுக்கு 750 முதல் 850 கலோரி. ஃபுட்பால் டீமின் ஆறடிப் பையனுக்கும் அதேதான், கொறித்துவிட்டு எழுந்து போகிற பெண்ணுக்கும் அதேதான். காய்கறிக்கோ நிறக் கணக்கு: வாரத்துக்குள் கரும்பச்சை வந்தாக வேண்டும், சிவப்பு-ஆரஞ்சு வந்தாக வேண்டும், பயறும் வந்தாக வேண்டும். நவராத்திரிக்கு நிறம் பார்த்துப் புடவை எடுப்பவர்கள் தோற்றார்கள் போங்கள்! இத்தனை கண்டிப்புக்கும் நடுவில் பீட்ஸாமேல் தடவும் இரண்டு டேபிள்ஸ்பூன் தக்காளி விழுது மட்டும் அரைக் கப் காய்கறியாகவே நீடிக்கிறது. அதை மாற்றவிடாமல் 2011-இல் தடுத்தது நாடாளுமன்றமேதான்.

உண்மையான நாடகம் கல்லாப்பெட்டி அருகில். பால், தானியம், இறைச்சி அல்லது அதற்கு ஈடானது, பழம், காய் என்று ஐந்து வகை. பிள்ளை மூன்றையாவது எடுக்க வேண்டும். அதில் ஒன்று அரைக் கப் பழமோ காயோ. இல்லையென்றால் அந்தத் தட்டுக்கு அரசு பணம் கிடையாது. கேஷியர் அம்மாவின் கண்ணைப் பாருங்கள், கழுகு! ஆப்பிள் இல்லாத பையன் திரும்பிப் போய் ஒன்றை எடுத்து வருகிறான், கணக்கில் ஏறுகிறது. ஆப்பிள் அப்புறம் குப்பைத்தொட்டிக்குப் போனாலும் கணக்கு மாறாது.

லாபநோக்கமற்ற தனியார் பள்ளிகளும் இதில் சேரலாம். ஆனால் அவர்களுடைய கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டினால் விஷயம் புரிந்துவிடும். அந்த வருடம் இலவசமாகச் சாப்பிடும் பிள்ளைக்கு அரசு தந்தது 2.86 டாலர், முழு விலை கொடுத்துச் சாப்பிடும் பிள்ளைக்கு வெறும் 27 சென்ட். வசதியான வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கு இந்தச் சில்லறைக்காகவா இவ்வளவு படிவம், இவ்வளவு தணிக்கை? விலகுகிறோம் என்று ஒரு கடிதம், முடிந்தது. அரசு தரும் சீஸும் கோழியும் நின்றுபோகும். பதிலுக்கு உப்பும் பெரிய பரிமாறலும் அவரவர் இஷ்டம். வேடிக்கை என்னவென்றால், பலரை எரிச்சலூட்டிய இறைச்சி, தானிய வார உச்சவரம்பை அந்த டிசம்பரிலேயே திட்டத்தை நடத்தும் வேளாண் துறை தளர்த்திவிட்டது.

இன்னொரு பக்கத்தையும் புரட்டிவிடுவோம். வறுமைக்கோட்டு வருமானத்தில் 130 சதவீதத்துக்குள் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத் திட்டத்தில் இருக்கும்வரை சாப்பாடு இலவசம். உதவித்தொகையில் படிக்கும் அப்படிச் சிலர் இந்தப் பள்ளிகளிலும் உண்டு. விலகிய பள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கொடுத்தால் சொந்தக் கையிலிருந்துதான்.