எம்.எல்.ஏ.வுக்கு எத்தனை நாள், அப்பர் தைக்கிறவங்களுக்கு எத்தனை நாள்?

அமிர்தியிலிருந்து பேசறேன். இந்த வேலூர், ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகள்ல தையல் மெஷின் முன்னாடி உக்காந்திருக்கிறவங்கள்ல பெரும்பாலும் பெண்கள்தான். அதனால இன்னிக்கு மகப்பேறு விடுப்பு பத்திப் பேசுவோம். அரசியல்வாதிங்ககிட்டருந்து ஆரம்பிக்கிறேன்.

2015-ல அமெரிக்காவுல பால் ரயானை சபாநாயகர் ஆகச் சொன்னாங்க. வார இறுதியை என் பிள்ளைகளுக்காக விட்டுத்தரணும்னு நிபந்தனை போட்டார். அப்பாவா அது சரியான நிபந்தனை. ஆனா சம்பளத்தோட குடும்ப விடுப்பு தர்ற தேசியத் திட்டத்தை அவர் ஆதரிக்கல. அங்க 1993-ல வந்த குடும்ப விடுப்புச் சட்டம் தர்றது 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாம.

நியூசிலாந்து ஜெசிந்தா ஆர்டெர்ன் 2018 ஜூன்ல, பிரதமரா இருக்கும்போதே குழந்தை பெத்தாங்க. தனக்கு எடுத்துக்கிட்டது 6 வாரம். அவங்க அரசு கொண்டுவந்த சட்டத்தால, அடுத்த மாசம் 1-ம் தேதியிலிருந்து அந்த நாட்டுத் தாய்மாருக்குப் பணத்தோட தர்ற விடுப்பு 18 வாரத்திலிருந்து 22 ஆச்சு, 2020-ல 26 ஆச்சு. ஒரு தலைவர் எத்தனை நாள் வீட்ல இருந்தார்ங்கிறதை விட, மத்தவங்களுக்கு என்ன வாங்கிக் கொடுத்தார்ங்கிறதைத்தான் நான் பார்ப்பேன்.

நம்ம நாட்டுல எம்.எல்.ஏ.வுக்குன்னு மகப்பேறு விடுப்புச் சட்டம் கிடையாது. அனுமதி வாங்காம 60 நாள் சபைக்கு வரலன்னா இடம் காலின்னு அறிவிக்கலாம்னு அரசியலமைப்பு சொல்லுது. 2022 டிசம்பர்ல மகாராஷ்டிரா எம்.எல்.ஏ. சரோஜ் அஹிரே கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டே நாக்பூர் சட்டமன்றத்துக்கு வந்தாங்க. அந்தச் சபைக்குள்ள இருக்கிற தாய்க்கே நிலைமை இது.

இப்ப நம்ம ஊர். தமிழ்நாடு அரசுப் பெண் ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாசம். ஷூ கம்பெனியில வேலை பாக்கிற பெண்ணுக்கு 2017-ல வந்த சட்டத் திருத்தத்திலிருந்து முதல் ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரம். இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்கன்னா அந்தச் சம்பளத்தை இ.எஸ்.ஐ.யே தருது, முதலாளி கையிலிருந்து நேரா போறதில்ல. அதனால "கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கிற இடத்துல குழந்தைகள் காப்பகம் இருக்கணும், தாய் ஒரு நாளைக்கு 4 தடவை போய்ப் பாக்கலாம். உங்க கம்பெனியில அது இருக்கான்னு கேளுங்க.

ஆனா என் மனசு நிக்கிறது வேற இடத்துல. ஆம்பூரைச் சுத்தியிருக்கிற வீடுகள்ல கம்பெனிக்குள்ள போகாமலே ஷூ தைக்கிற பெண்கள் இருக்காங்க. ஏஜென்ட் மூட்டையா அப்பர், அதாவது ஷூவோட மேல்பாகத் தோல், கொண்டுவந்து போடுவார். வாசப்படியில உக்காந்து, கெட்டித் தோல்ல ஊசியைக் குத்தி, நூலை ரெண்டு கையாலயும் இழுத்து இறுக்குவாங்க. நூல் விரலை அறுக்கும். நிறைமாசத்துலயும் அதே மாதிரி குனிஞ்சு உக்காந்துதான் தைக்கணும். கூலி ஜோடிக்கு இவ்வளவுன்னு. கம்பெனி ரிஜிஸ்டர்ல பேர் இல்ல, அதனால இ.எஸ்.ஐ. இல்ல, 26 வாரமும் இல்ல. தைக்காத நாள்ல காசு இல்ல.

ஏழைக் குடும்பமா இருந்தா தமிழ்நாடு அரசோட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமா 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைக்கும். நல்ல திட்டம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா அது உதவித்தொகை. அவங்க தைச்ச ஷூவை ஏத்துமதி பண்றவங்க அதுக்கு ஒரு பைசா கட்டறதில்ல.

அப்பாக்களுக்கு? மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள். தனியார் கம்பெனிகளுக்கு அப்படி ஒரு சட்டமே இல்ல. 2017-ல நாடாளுமன்றத்துல ஒரு உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகல.

கேட்டா மாறுமான்னு நினைப்பீங்க. 2023 ஏப்ரல்ல தொழிற்சாலைகள்ல 12 மணி நேர வேலைக்கு வழி விடுற மசோதா நம்ம சட்டமன்றத்துல நிறைவேறுச்சு. எதிர்ப்பு கிளம்புனதும், மே 1-ம் தேதி அதைத் திரும்பப் பெறுறதா முதல்வர் அறிவிச்சார். கேட்டா நடக்குது. அடுத்த தடவை உங்க தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வர்றவர்கிட்ட, அவர் எந்தக் கட்சியா இருந்தாலும், இதைக் கேளுங்க: வீட்ல அப்பர் தைக்கிற பெண்ணுக்கு எத்தனை வாரம் தருவீங்க, அந்தப் பணத்தை யார் கட்டணும்?