குதிகால் வலிக்குக் கத்தி எதற்கு?

உழவர்கள் கூடினால் மண்ணைப் பற்றிப் பேசுகிறோம், விதையைப் பற்றிப் பேசுகிறோம், மாட்டைப் பற்றிப் பேசுகிறோம். அந்த மண்ணை மிதிக்கிற காலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. போன மாதம் எங்கள் வட்டாரக் கூட்டத்தில் சாப்பாட்டு நேரத்தில், "யாருக்கெல்லாம் குதிகால் வலி இருக்கு?" என்று கேட்டேன். இருந்த 18 பேரில் 7 பேர் கையைத் தூக்கினார்கள். ஒரு அக்கா, "எலும்பு வளந்திருக்காம், ஆபரேசன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. நடவு முடியட்டும்னு தள்ளிப் போட்டிருக்கேன்" என்றார். அவரிடம் அன்று சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எனக்கும் இந்த வலி 14 மாதம் இருந்தது. காலையில் பாயை விட்டு எழுந்து வைக்கிற முதல் அடியில் குதிகாலுக்கு அடியில் ஆணி குத்தியது போல இருக்கும். பத்துப் பதினைந்து அடி நடந்தால் குறையும். சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி குத்தும். பொழுது சாயும்போது நிற்கவே முடியாது. ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எனக்கும் அறுவைதான் வழி என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என் ஒரு போக நெல்லின் விலை. வேறு கருத்தும் கேட்போம் என்று அரசு மருத்துவமனை இயன்முறைப் பிரிவுக்குப் போனேன். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. இன்று வரப்பு வெட்டுகிறேன்.

வளர்ந்த எலும்பு குத்துகிறதா?

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை பாதத்துக்குக் கீழே ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் எப்படியோ, பாதத்தின் வளைவுக்கு இந்தப் பட்டை அப்படி. மருத்துவர்கள் இதை பிளான்டார் ஃபேசியா என்பார்கள். நம் ஊரில் குதிவாதம் என்று சொல்லும் வலி பெரும்பாலும் இந்தப் பட்டை எலும்போடு சேருகிற இடத்தில் நைந்துபோவதால் வருவது. இரவில் பாதம் தொங்கிக் கிடக்கும்போது பட்டை சுருங்கி இறுகுகிறது. விடிந்ததும் முதல் அடியில் திடீரென்று இழுபடுகிறது, அதனால்தான் அந்த வலி.

எக்ஸ்ரேயில் தெரிகிற எலும்பு முளையைக் கண்டு பயப்பட வேண்டாம். வலியே இல்லாத ஏராளமான பேருக்கும் அந்த முளை இருக்கிறது. வலி போன பிறகும் முளை அப்படியே இருக்கும். எனக்கும் இருக்கிறது.

யாருக்கு வருகிறது? 40-லிருந்து 60 வயதுக்குள் அதிகம். எடை கூடியவர்கள், கெண்டைக்கால் இறுகியவர்கள், நாள் முழுக்கக் கெட்டித் தரையில் நிற்பவர்கள். நம்மில் பலருக்கு இது எல்லாமே பொருந்தும். சேற்றில் வெறுங்காலோடு நடந்த கால், வீட்டுக்கு வந்தால் டைல்ஸ் தரையில் நிற்கிறது. சிமெண்டுக் களத்தில் நெல் தள்ளுகிறது. தேய்ந்துபோன ரப்பர் செருப்போடு மைல் கணக்கில் நடக்கிறது. கோடையில் ஓய்ந்திருந்துவிட்டு, மழை வந்ததும் ஒரே வாரத்தில் ஏகப்பட்ட வேலையை அந்தக் காலின் மேல் ஏற்றுகிறோம்.

நான் செய்த வைத்தியம்

இயன்முறைப் பிரிவில் இருந்த பெண் முதலில் சொன்னது: "அம்மா, காலைக் கட்டிப் போட வேணாம். சுமையக் கொறைங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க."

சுமையைக் குறைக்கச் செய்தவை எளிமையானவை. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு. மருந்துக்கடையில் கிடைக்கும் சிலிக்கான் குதிகால் மெத்தை ஒரு ஜோடி. அடுப்படியில் நிற்கிற இடத்தில் மடித்த சாக்கு. ஒரேயடியாக நின்று செய்கிற வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன்.

அடுத்தது, பட்டையை இழுத்து நீட்டும் பயிற்சி. வலிக்கிற காலை மற்ற தொடையின் மேல் போட்டு உட்காருங்கள். கையால் கால்விரல்களைக் கணுக்கால் பக்கமாக மேலே இழுங்கள். உள்ளங்காலில் பட்டை கயிறு போல விறைத்து நிற்பது விரலுக்குத் தட்டுப்படும். 10 எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படி 10 தடவை, நாளைக்கு 3 வேளை. காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன்பே, பாயிலேயே, முதல் வேளையை முடித்துவிட வேண்டும். பல மாதமாக வலி தீராதவர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2003-இல் வெளியான ஆய்வில், கெண்டைக்காலை மட்டும் நீட்டியவர்களைவிட இதைச் செய்தவர்களுக்கு 8 வாரத்தில் நல்ல பலன் தெரிந்தது.

மூன்றாவது, பட்டைக்கு வலுவேற்றும் பயிற்சி. ஒரு துண்டைச் சுருட்டி வாசற்படியின் விளிம்பில் வையுங்கள். கால்விரல்களைத் துண்டின் மேல் வைத்து, குதிகால் படிக்கு வெளியே இருக்கும்படி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நில்லுங்கள். 3 எண்ணி மேலே எம்புங்கள், 2 எண்ணி நில்லுங்கள், 3 எண்ணி இறங்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். 12 தடவை வீதம் 3 சுற்று. ஒற்றைக்காலில் முடியாவிட்டால் முதலில் இரண்டு காலிலும் செய்யலாம். எளிதாகிவிட்டால் முதுகுப் பையில் எடை ஏற்றலாம். நான் 5 கிலோ நெல் வைத்துக்கொண்டேன். டென்மார்க்கில் 48 பேரிடம் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நீட்டும் பயிற்சியைவிட இந்த முறைக்கு 3 மாதத்தில் பலன் கூடுதலாக இருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆகவே விடாமல் செய்வதுதான் முக்கியம்.

முதல் மாதம் பெரிய மாற்றம் இல்லை. ரசாயனத்தை விட்ட நிலம் முதல் போகத்திலேயே பொலபொலவென்று ஆகிவிடுமா? மூன்றாம் மாதம் காலை வலி பாதியானது. ஏழாம் மாதம் மறந்துபோனது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் அறுவை இல்லாமலே சரியாகிறது. 6 மாதத்திலிருந்து 12 மாதம் வரை இதையெல்லாம் முறையாகச் செய்தும் தீராத சிலருக்குத்தான் அறுவை பற்றிய பேச்சே வரவேண்டும். அதற்கு முன் இரவில் பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கட்டு, பாதத்துக்குப் பட்டி ஒட்டுவது, அதிர்வலைச் சிகிச்சை என்று இன்னும் வழிகள் உண்டு.

ஊசி, மாத்திரை, செங்கல்

ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரங்களுக்கு வலி நன்றாகக் குறையும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் அந்தப் பட்டையே அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை கரைந்துபோகவும் வாய்ப்பு உண்டு. நடவுக்கு ஒன்று, அறுப்புக்கு ஒன்று என்று போடுகிற சமாச்சாரம் அல்ல அது.

வலி மாத்திரையிலும் கவனம் வேண்டும். டைக்ளோஃபெனாக் நமக்குத் தெரிந்த பெயர்தான். அந்த மருந்து போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 2006-இல் மாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதருக்கு அது அனுமதிக்கப்பட்ட மருந்து. சில நாள், மருத்துவர் சொன்ன அளவில் என்றால் சரி. கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போட்டால் வயிறு புண்ணாகும், சிறுநீரகமும் பாதிக்கும். வெயிலில் வேர்வை கொட்ட, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

செங்கல்லைச் சுட வைத்து, எருக்கிலை போட்டு, அதன்மேல் குதிகாலை வைப்பது நம் பாட்டிமார் வைத்தியம். சூடு இதமாக இருக்கும், நானும் செய்தேன். ஆனால் அது அன்றைய வலிக்கு. நைந்த பட்டைக்குப் பயிற்சிதான். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது, கையை நன்றாகக் கழுவுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் செங்கல் பக்கமே போக வேண்டாம். சுடுவது தெரியாது, புண்ணாகிவிடும்.

காய்ச்சல், வீக்கம், மரத்துப்போதல், இரவில் படுத்தாலும் விடாத வலி, இரண்டு குதிகாலோடு இடுப்பும் காலையில் வெகுநேரம் இறுகிக் கிடப்பது, கீழே விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாதது: இவற்றில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். அது வேறு நோயாக இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. என் நிலம், என் வேலை. அதனால் வேலையைப் பிரித்துச் செய்ய என்னால் முடிந்தது. கூலிக்கு வருகிற அக்கா தங்கச்சிகளுக்கு அந்த வசதி இல்லை. உட்கார்ந்தால் கூலி போய்விடுமோ என்று வலியை மென்று விழுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். நிலம் வைத்திருக்கிற நாம் களத்தில் நிற்கிற இடத்தில் இரண்டு சாக்கு விரித்துப் போடலாம். நின்று செய்கிற வேலையையும் உட்கார்ந்து செய்கிற வேலையையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். மணிக்கொரு தரம் ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லலாம். கூலியில் அதைக் கழிக்காமல் இருக்கலாம். மண்புழுவுக்கு நோகக் கூடாது என்று மூடாக்குப் போடுகிறோமே, மனிதர் காலுக்கும் அதைச் செய்வோம்.