லென்ஸ் இல்லாத மைக்ராஸ்கோப்!

வெளிச்சமான வானத்தை அண்ணாந்து பார்க்கும்போது கண்ணெதிரே நூல் மாதிரி, பூச்சி மாதிரி ஏதோ மிதக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? அது வெளியே இல்லை. விழிக்குள் இருக்கும் ஜெல்லில் மிதக்கிற துணுக்குகளின் நிழல், விழித்திரையில் விழுகிறது. பயப்பட வேண்டாம். (திடீரென்று நிறையத் தெரிந்தாலோ, கூடவே மின்னல் மாதிரி வெளிச்சம் வெட்டினாலோ மட்டும் உடனே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்!) துணுக்கு விழித்திரைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, நிழல் அவ்வளவு பளிச்சென்று இருக்கும்.

இந்த நிழல் சமாசாரத்தை வைத்தே ஒரு குட்டி மைக்ராஸ்கோப் செய்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அய்டோகன் ஓஸ்கான் குழுவினர் 2010-ல் வெளியிட்ட கருவியின் எடை சுமார் 46 கிராம். ஒரு கோழி முட்டை கூட அதைவிடக் கனம்!

உள்ளே என்னதான் இருக்கிறது? ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு, அதன் முன்னால் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை, அடியில் டிஜிட்டல் கேமராவில் இருப்பது போன்ற சென்சார். ரத்தம் தடவிய ஸ்லைடை சென்சாருக்கு மேல், கிட்டத்தட்ட ஒட்டினாற்போல வைக்கணும். அவ்வளவுதான்.

வெளிச்சம் ரத்த அணுவின் மேல் பட்டதும் கொஞ்சம் சிதறும். மீதி நேராக வரும். குளத்தில் ரெண்டு கல்லைப் போட்டால் அலைகள் ஒன்றோடொன்று மோதிக் கோலம் போடுமே, அதே மாதிரி இந்த ரெண்டு வெளிச்சமும் சேர்ந்து சென்சாரில் வளையம் வளையமாக விழும். அந்த வளையங்களிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அணுவின் உருவத்தைக் கம்ப்யூட்டர் வரைந்து தரும். இதுதான் ஹோலோகிராம். இந்த யோசனையை டென்னிஸ் கேபர் வெளியிட்டது 1948-ல். நோபல் பரிசு வந்ததோ 1971-ல்!

சரி, லென்ஸை எடுத்துவிட்டதால் என்ன லாபம் என்கிறீர்களா? மலேரியா பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் எவ்வளவு பெரிதாக்கிக் காட்டுகிறதோ, அவ்வளவு குறைந்த இடம்தான் தெரியும். லேப்காரர் ஸ்லைடைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் தேடணும். கிருமி குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடலாம். இந்தக் கருவியோ சுமார் 24 சதுர மில்லிமீட்டரை ஒரே படத்தில் பிடித்துவிடும். 2011-ல் இதே குழு, பல ஒளியிழைகளை மாற்றி மாற்றி எரியவிட்டு எடுத்த படங்களைச் சேர்த்து, சிவப்பணுவுக்குள் இருக்கும் மலேரியா கிருமியையே காட்டியது.

ஆனால் ஒரு சிக்கல். அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால் வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழப்பும். ரத்தத்தை ரொம்ப மெல்லிசாகத் தடவியாகணும். மலேரியாவைத் தேட லேபில் வழக்கமாகத் தடவும் கெட்டியான ரத்தப் பூச்சு இதற்குச் சரிப்படாது. அங்கே இன்னும் லென்ஸ் மைக்ராஸ்கோப்புக்குத்தான் வேலை.