மண் ஆய்வில் அமிலம்: கவனம் தேவை

மண்ணில் உள்ள அங்ககக் கரிமத்தை அறிய, வேளாண் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் 1934ல் வெளியான வாக்லி-பிளாக் முறை இன்றும் கையாளப்படுகிறது. ஒரு கிராம் மண்ணுடன் 10 மி.லி. பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலும் 20 மி.லி. அடர் கந்தக அமிலமும் சேர்ந்ததும் குடுவை கை வைக்க முடியாதபடி சூடாகும். அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகே தண்ணீர் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் அமிலம் முகத்தில் தெறிக்கும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது. அமிலம் பட்ட இடத்தை ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும்.

டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. மிச்சக் கரைசலைச் சாக்கடையில் கொட்டினால் பக்கத்துக் கிணற்றுக்கும் போய்ச் சேரலாம். மண்ணைக் காக்கச் செய்யும் சோதனைக்கு இது அழகல்ல! ஆரஞ்சு நிறம் பச்சையாகும் வரை பெர்ரஸ் சல்பேட் கலந்தால் நச்சு வெகுவாகக் குறையும். பிறகு சுண்ணாம்பு இட்டு, படியும் வண்டலைப் பெயர் எழுதிய டப்பாவில் தனியே சேர்த்து வைக்க வேண்டும்.