ஹஜ்ஜுக்குப் பின் பாவமும் தௌபாவும்

ஹஜ்ஜை நிறைவேற்றியவர் பின்னர் பாவமொன்றில் வீழ்ந்தால் அவரது ஹஜ் வீணாகிவிடுமா? பலரை வாட்டும் வினா இது.

தீய பேச்சும் பாவச் செயலுமின்றி அல்லாஹ்வுக்காக ஹஜ் செய்தவர், அன்று பிறந்த பாலகரைப் போன்று திரும்புகிறார் என்பது புஹாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்தாகும். எனினும் அது வருங்காலப் பாவங்களுக்கான அனுமதியன்று. முறையாக நிறைவேறிய ஹஜ் கடமையைப் பின்னர் நிகழும் பாவம் முறித்துவிடாது. ஆயினும் அப்பாவத்துக்கெனத் தௌபாச் செய்வது அவசியமாகும்.

தௌபாவுக்கு மூன்று நிபந்தனைகளை இமாம் நவவி (ரஹ்) குறிப்பிடுகிறார். பாவத்தை விட்டுவிடுதல், அதற்காக வருந்துதல், இனிச் செய்வதில்லையென உறுதி பூணுதல் என்பனவே அவை. பிறர் உரிமை சம்பந்தப்பட்டதாயின், அதனை உரியவரிடம் ஒப்படைப்பது நான்காவது நிபந்தனையாகும். ஆகவே, வாங்கிய கடனும் அபகரித்த காணியும் ஹஜ் செய்வதனால் மட்டும் தீர்ந்துவிடமாட்டா.

‘ஹாஜியார்’ என ஊரார் அழைக்கையில், பிழையை ஒப்புக்கொள்ள நாணம் தடுக்கலாம். அந்த நாணம் பாவத்தை மறைக்குமேயன்றி அழிக்காது. மறுபுறம், இனி மீட்சியில்லையென மனமுடைவதும் தவறாகும். அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கையிழக்க வேண்டாமென அல்குர்ஆன் (39:53) அறிவுறுத்துகின்றது. ஹஜ் முடிந்தாலும் தௌபாவின் வாசல் திறந்தேயிருக்கின்றது.