கரைக்குக் கீழே ஓர் ஊர்

ஆவணி மூலத்தன்று மதுரைப் புட்டுத்தோப்பில் திரளும் ஜனக்கூட்டத்துக்கு அந்தக் கதை மனப்பாடம். வைகை பெருகிக் கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்கை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் முரசறைவித்தான். புட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கு ஆளில்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டுக்கு மண் சுமந்தார். வேலையில் கவனமில்லை என்று பிரம்படியும் பட்டார். அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுந்தது என்கிறது திருவிளையாடற் புராணம்.

பக்தர்களுக்கு இது இறைவனின் திருவிளையாடல். கிராமவாசிகளுக்கோ அன்றாட வாழ்க்கை! கரை ஊருக்குப் பொது. அதைக் காக்கும் கடமை மட்டும் வீட்டுக்கு வீடு அளந்து விட்டது.

ஹாலந்து தேசத்திலும் இதே நியாயம்தான். கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த அந்த நாட்டில், நிலம் வைத்திருப்பவர் தம் பங்குக் கரையைப் பேண வேண்டும் என்பது பழைய வழக்கம். கரை தோற்றால் என்ன நேரும்? 1953 பிப்ரவரி 1-ஆம் தேதி கடல் பொங்கி அங்கே 1,836 உயிர்களைக் கொண்டு போயிற்று.

அங்கே நீரை வெளியே நிறுத்தக் கரை. இங்கே நீரை உள்ளே நிறுத்தக் கரை. மதுரைக்கு மேற்கே உள்ள மாடக்குளத்தைப் பாருங்கள். பாண்டியர் கல்வெட்டுகள் தலைநகரையே 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று குறிக்கின்றன. மாடமாளிகை நிறைந்த பட்டணம், ஒரு குளத்தைச் சொல்லித் தன் விலாசத்தைச் சொல்லிக்கொண்டது!

கண்மாய் என்பது வெட்டிய பள்ளமன்று. சரிவான நிலத்தின் குறுக்கே பிறை வடிவில் போட்ட மண்கரைதான் அதன் உயிர். வாய்க்கால் நீரைக் கொணரும். மடை வயலுக்கு அனுப்பும். நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாயும். ஒரு நண்டு வளையைக் கவனியாமல் விட்டாலும் போதும், அடைமழை இரவில் அது உடைப்பாகிவிடும்.

ஆகவே ஆண்டுதோறும் ஊரே கூடி மண் வெட்டிக் கரை உயர்த்தியது. அதுவே குடிமராமத்து. வழக்கம் தளர்ந்தபோது 1858-இல் சென்னை மாகாணத்தில் அதற்கெனச் சட்டமே இயற்றினார்கள். சட்டம் வந்தும் மண்வெட்டிகள் திரும்பவில்லை. பெரிய கண்மாய்கள் சர்க்கார் பொறுப்பென்று ஜனங்கள் ஒதுங்கினர். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரையும் பணியையும் மீண்டும் கொணர்ந்தது.

இன்று மாடக்குளம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. நெல் விளைந்த வயல்களில் வீதிகள். ஆனாலும் கண்மாய் நிறைந்த வருஷம் சுற்றுப்புறத்துக் கிணறுகளில் நீர் ஊறுகிறது. வயல் இல்லாதவரும் அந்தக் கரையின் பயனாளிகளே.

பங்கில்லாதவர் என்று இங்கே எவருமில்லை. வந்திக்காக மண் சுமக்க அன்று ஒருவர் வந்தார். நம் பங்கை நாம்தான் சுமக்க வேண்டும்.