அன்பென்று எண்ணி அஞ்சி வாழ்தல்

"அவருக்கு என்மேல் அளவு கடந்த அன்பு, சேர், அதனாலேதான் சந்தேகப்படுகிறார்."

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் இவ்வாறு கூறினாள். அந்த அன்பு எத்தகையது? அவளுடைய கைத்தொலைபேசியின் கடவுச்சொல் அவன் வசம் இருந்தது. செய்தி அனுப்பினால் உடனே மறுமொழி வரவேண்டும். தனியார் வகுப்பில் எந்தத் தோழியின் அருகே அமரலாம் என்பதையும் அவனே தீர்மானித்தான். ஒருநாள் மணிக்கட்டைக் கன்றிப்போகும்படி முறுக்கினான். மறுநாள் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டான்.

இக்கண்ணீரிலேதான் இளம் உள்ளங்கள் ஏமாறுகின்றன. சினம் மூளுதல், கைநீட்டல், பின் கெஞ்சிக் குழைதல் என இது வட்டமாகச் சுழல்வதை அமெரிக்க உளவியலறிஞர் லெனோர் வாக்கர் 1979 இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். வளர்ந்த பெண்களைப் பற்றி அவர் எழுதியது பள்ளிப் பருவத்தினருக்கும் பொருந்தக் காண்கின்றோம்.

எங்கோ ஓரிருவர்க்கு நேர்வதென்று எண்ணற்க. உலக சுகாதார நிறுவனம் 2024 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கணவனோ காதலனோ உள்ள 15 முதல் 19 வயது வரையான பெண்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருத்தி அவனால் உடல்வழியாகவோ பாலியல்வழியாகவோ வன்முறைக்கு ஆளாகியிருக்கிறாள். ஆண்பிள்ளைகளும் துன்புறுவதுண்டு, கேலிக்கு அஞ்சி அவர்கள் வாய்திறப்பது அரிது.

அம்மாணவி ஏன் வீட்டிலே சொல்லவில்லை? அடியைச் சொல்வதானால் முதலிற் காதலைச் சொல்லவேண்டும். சொன்னால் படிப்பு நின்றுவிடும் என்று அஞ்சினாள். "உன் அப்பாவுக்குப் படங்களை அனுப்பிவிடுவேன்" என்பதே அவன் கையிலிருந்த ஆயுதம். அந்த ஆயுதத்தைக் கூர்தீட்டிக் கொடுத்தவர்கள் யார்? பெற்றோராகிய நாமல்லவா? வீட்டின் கண்டிப்பு எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு அவன் மிரட்டல் பலிக்கின்றது.

நம் நாட்டில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது, மணமானோரும் ஒருங்கு வாழ்வோரும் உறவினரும் அதில் அடங்கினர். வெவ்வேறு வீட்டிலிருக்கும் காதலர் அடங்கவில்லை. எனினும் அடித்தலும் அச்சுறுத்தலும் யார் செய்யினும் குற்றமே. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம்.

அப்பெண் ஈற்றில் தன் சின்னம்மாவிடமே சொன்னாள். அவர் ஏசவில்லை, உடன்சென்று தாய்தந்தையரிடம் கூறினார். தந்தை மூன்று நாள் மகளோடு பேசவில்லை. நான்காம் நாள் மாலை, அவளைத் தனியார் வகுப்புக்குத் தாமே சைக்கிளில் ஏற்றிவந்து, முடியும்வரை வாசலிலே காத்து நின்றார்.